எடையுள்ள கட்டை, எட்டக்கூடிய விலை: வாசகர் கேள்வி – பதில்

டிஜிட்டல் பியானோ வாங்குவது பற்றி மட்டக்களப்பு, அம்பாறை மாவட்ட வாசகர்கள் கேட்டவற்றை இம்முறை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். ஒரே விடயத்தைக் கேட்ட கடிதங்களை ஒரு கேள்வியாக்கியிருக்கிறோம்.

மகளுக்கு ஒன்பது வயது. வீட்டில் இருக்கும் 61 கட்டை கீபோட்டில்தான் ஒரு வருடமாகப் பழகுகிறாள். இப்போது ரீச்சர், "வெயிட்டட் கீ உள்ள பியானோ வாங்குங்கள், இல்லாவிட்டால் விரல் கெட்டுவிடும்" என்கிறார். எங்கள் கீபோட்டிலும் மெதுவாக அடித்தால் மெதுவாகத்தானே கேட்கிறது? பிறகென்ன வித்தியாசம்?
– வாசகி, கல்லடி

ரீச்சர் கொஞ்சம் கடுமையாகச் சொல்லியிருக்கிறார், ஆனால் சொன்னது சரி.

மெதுவாக அடித்தால் மெதுவாகக் கேட்பதற்கும் கட்டையின் எடைக்கும் தொடர்பில்லை. ஒவ்வொரு கட்டையின் கீழும் இரண்டு தொடுபுள்ளிகள் இருக்கின்றன. முதலாவது தொடுபட்டு இரண்டாவது தொடுபட எவ்வளவு நேரம் போகிறது என்று கருவி பார்க்கிறது. நேரம் குறைந்தால் பலத்த ஒலி, கூடினால் மெல்லிய ஒலி. இதைத்தான் பெட்டியில் "டச் ரெஸ்பொன்ஸ்" என்று போட்டிருப்பார்கள். விலை குறைந்த கீபோட்டுகளிலும் இது உண்டு.

விரலுக்குத் தெரியும் வித்தியாசம் வேறு. கீபோட்டில் கட்டையை மேலே தள்ளுவது ஒரு ஸ்பிரிங். அழுத்த அழுத்த அது இறுகும், விட்டதும் சட்டென்று மேலே தள்ளும். உண்மையான பியானோவில் கட்டை ஒரு நெம்புகோல். அதன் மறுமுனை ஒரு சுத்தியலைத் தூக்கி எறிகிறது. தொடக்கத்தில் பாரமாக இருக்கும், அசைந்த பிறகு தன்பாட்டில் போகும், திரும்பி வருவதும் தன் பாரத்தால்தான். ஒரு கட்டை கீழே இறங்க ஏறத்தாழ 50 கிராம் பாரம் வேண்டும், இறங்கும் ஆழம் ஏறத்தாழ 1 செ.மீ. இடப்பக்கத்துத் தாழ்ந்த சுரங்களின் சுத்தியல்கள் பெரியவை, ஆகவே அந்தப் பக்கம் பாரம் கூட. ஸ்பிரிங்கில் பழகிய பிள்ளை பரீட்சை மண்டபத்துப் பியானோவில் உட்கார்ந்தால், மெல்லிதாக வாசிக்க வேண்டிய இடத்தில் சுரமே வராமல் போகும். வேகமான இடத்தில் கை சோர்ந்துவிடும். ஒலியின் அளவைக் கையின் பாரத்தால் ஆளும் பழக்கம் வராதது இதைவிடப் பெரிய நட்டம்.

விளம்பரத்தில் வரும் சொற்களைக் கவனியுங்கள். "டச் சென்சிட்டிவ்" என்றால் எடை கிடையாது. "செமி வெயிட்டட்" என்றால் சற்று இறுகிய ஸ்பிரிங், அவ்வளவுதான். உங்களுக்கு வேண்டியது, ஸ்பிரிங்குக்குப் பதிலாகச் சுத்தியல் பாரத்தால் கட்டை இயங்கும் "ஹாமர் அக்ஷன்". அதோடு "கிரேடட்" அல்லது "ஸ்கேல்ட்" என்றும் இருந்தால் இடப்பக்கம் பாரமாகவும் வலப்பக்கம் இலேசாகவும் இருக்கும். வெறுமனே "வெயிட்டட்" என்று மட்டும் எழுதிய, பெயர் தெரியாத கம்பனிக் கருவிகளைக் கை வைத்துப் பார்க்காமல் வாங்க வேண்டாம்.

கடையில் கறண்ட் போடாமலே பாதி விடயத்தைப் பார்த்துவிடலாம். இடப்பக்கக் கடைசி வெள்ளைக் கட்டையையும் வலப்பக்கக் கடைசிக் கட்டையையும் ஒரே விரலால் மாறி மாறி அழுத்துங்கள், பார வித்தியாசம் தெரிய வேண்டும். பிறகு ஒரு வெள்ளைக் கட்டையை இரண்டு கறுப்புக் கட்டைகளுக்கு நடுவே, உள்ளே தள்ளி அழுத்திப் பாருங்கள். கட்டை சுழலும் மையம் கிட்ட இருக்கும் கருவியில் அந்த இடம் கல்லைப்போல் கனக்கும். ஷார்ப், பிளாட் நிறைய உள்ள பாடம் வரும்போது பிள்ளை அவதிப்படுவது அங்கேதான்.

எப்போது மாற்றுவது? இரண்டு கையும் சேர்த்து வாசிக்கிறாள், பாடத்தில் பெடல் அடையாளம் வரத் தொடங்கிவிட்டது என்றால் இனித் தள்ளிப்போட வேண்டாம். இன்னும் ஒரு கையாய்ப் பழகுகிறாள் என்றால் ஆறு மாதம் காசு சேர்ப்பதால் ஒன்றும் குடி முழுகாது. நொட்டேஷன் வாசிக்கவும் தாளம் எண்ணவும் பழைய கீபோட் போதும்.

குறைந்த விலை மாடல்களில் எது நல்லது? ஒரு கடையில் யமஹா என்கிறார்கள், இன்னொரு கடையில் ரோலண்ட் என்கிறார்கள். 88 கட்டையும் வேண்டுமா, 73 போதாதா?
– வாசகர், காரைதீவு

73 கட்டையில் ஆரம்பப் பாடங்கள் எல்லாம் வாசிக்கலாம். ஆனால் ஹாமர் அக்ஷன் உள்ள 73 கட்டைக் கருவிகள் பெரும்பாலும் மேடைக்காரருக்கானவை, விலையும் குறையாது. 88ஐயே வாங்குங்கள்.

கட்டையை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொன்னால் இந்த விலைப் படியில் ரோலண்ட் எஃப்பி-10தான் முன்னுக்கு நிற்கிறது. அதன் பிஎச்ஏ-4 கட்டையில் தொடுபுள்ளி மூன்று. ஆகவே கட்டை முழுவதும் மேலே வராமலே அதே சுரத்தைத் திருப்பி அடிக்கலாம். மெதுவாக அழுத்தினால் அடிப்பகுதியில் ஒரு சிறு தடக்கு விரலுக்குத் தெரியும். அது கிராண்ட் பியானோவின் இயல்பு, பழுதென்று நினைத்துக் கடைக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டாம். ஒரே நேரத்தில் ஒலிக்கக்கூடிய சுரங்கள் 96, எடை 12.3 கிலோ. குறை என்றால் பொத்தான்கள் மிகக் குறைவு. ஓசையை (பியானோ, ஓர்கன் போன்ற ஒலி வகையை) மாற்ற ஒரு பொத்தானைப் பிடித்துக்கொண்டு கட்டையை அழுத்த வேண்டும், எந்தக் கட்டைக்கு எது என்று ஒரு தாளில் எழுதி ஒட்டி வையுங்கள்.

யமஹா பி-45 2015இல் வந்தது. அதன் இடத்துக்கு 2023இல் பி-145 வந்தது. பழையதில் ஜிஎச்எஸ் கட்டை, புதியதில் ஜிஎச்சி; இரண்டும் யமஹாவின் ஹாமர் அக்ஷன் வகைகள். இரண்டிலும் ஒரே நேரத்தில் ஒலிப்பது 64 சுரம், பத்து ஓசை. ரோலண்டோடு ஒப்பிட்டால் கட்டை சற்று எளிமையானதுதான், ஆனால் நேர்மையான கருவி. பி-45 உலகமெங்கும் நிறைய விற்ற மாடல் என்பதால் பாவித்தது தேடுவோருக்கும், பழுதுபார்ப்பவருக்கும், உதிரிப்பாகம் தேடுவோருக்கும் அது வசதி.

கசியோ சிடிபி-எஸ்110 மெலிந்தது. முன்னிருந்து பின்வரை 23 செ.மீ. அளவுதான், எடை பத்தரைக் கிலோ. ஆறு டபிள்-ஏ பற்றரியிலும் ஓடும். கறண்ட் அடிக்கடி போகும் ஊரில் இது சின்ன விடயமல்ல. மெலிந்த உடம்புக்குக் கொடுத்த விலை, முன்பு சொன்ன அந்த உள்பக்கக் கனம். கோர்க் பி2 இல் 120 சுரம், ஸ்பீக்கர் பக்கத்துக்கு 15 வொட். பெரிய விறாந்தையில் வைத்து வாசிக்க நல்லது. கட்டை நடுத்தரம்.

64 சுரம் போதுமா என்று பலர் பயப்படுகிறார்கள். பத்து விரலுக்கு 64 ஏன் என்றால், பெடலை மிதித்தபடி வாசிக்கும்போது முன்பு அடித்த சுரங்களும் ஒலித்துக்கொண்டிருக்கும். ஸ்டீரியோ ஒலிப்பதிவில் ஒரு சுரமே இரண்டாய் எண்ணப்படுவதும் உண்டு. எண்ணிக்கை தாண்டினால் பழைய சுரம் சத்தமில்லாமல் அறும். முதல் நான்கைந்து தர வகுப்புகள்வரை இது காதில் படாது.

பரீட்சை நோக்கம் இருந்தால் ஒன்றை முதலில் தீர்த்துக்கொள்ளுங்கள். இசைப் பரீட்சை நடத்தும் டிரினிட்டி கொலிஜ் லண்டனில் பியானோ வேறு பாடம், எலெக்ட்ரோனிக் கீபோட் வேறு பாடம். பிள்ளை எழுதப்போவது கீபோட் பாடம் என்றால் அதற்குத் தாளம், பின்னணி இசை எல்லாம் உள்ள கருவி வேண்டும். மேலே சொன்ன எதுவும் சரிவராது.

கடைக்காரர் 600 ஓசை உள்ள கீபோட்டைக் காட்டி, "அதே காசுக்கு அந்தப் பியானோவில் பத்து ஓசைதான்" என்கிறார்.
– வாசகர், கல்முனை

பத்தே போதும். அதிலும் எட்டை நீங்கள் தொடவே மாட்டீர்கள்.

ஜப்பானில் இருந்து வந்த பாவித்த பியானோ ஒன்று விலைக்கு வருகிறது. மரப் பெட்டி, மூன்று பெடல், பார்க்க அழகாக இருக்கிறது. புதிதின் பாதி விலையும் இல்லை. வாங்கலாமா? என்ன பார்க்க வேண்டும்?
– வாசகர், அக்கரைப்பற்று

வாங்கலாம். ஆனால் பிளக்கைச் சுவரில் செருகுவதற்கு முன்னர் பின்பக்கத்து லேபிளைப் படியுங்கள். ஜப்பானில் வீட்டு மின்சாரம் 100 வொல்ட், எங்களுக்கு 230. லேபிளில் "100 வொல்ட்" என்று மட்டும் இருந்து, வயர் நேரே பெட்டிக்குள் போனால், உள்ளே இருக்கும் மின்வழங்கி 230ஐத் தாங்காது. ஒரு முறை செருகினால் போதும், புகைந்துவிடும். பெட்டி வகைப் பியானோக்களில் பெரும்பாலும் இப்படித்தான். அதற்கு 230ஐ 100 ஆக்கும் ஸ்டெப் டவுன் டிரான்ஸ்போமர் வேண்டும். லேபிளில் உள்ள வொட் அளவின் இருமடங்கு தாங்குவதாக எடுங்கள், அதன் விலையையும் பேரத்தில் சேருங்கள். வெளியே தனி அடப்டர் உள்ள மாடல் என்றால் தொல்லை குறைவு. கருவிக்குப் போவது 12 வொல்ட் போன்ற சிறு மின்சாரம்தான், அதே அளவில் உள்ளூர் அடப்டர் ஒன்று போட்டால் சரி. வொல்ட் அதே எண்ணாக இருக்க வேண்டும், அம்பியர் அதே அளவோ கூடவோ இருக்கலாம். பிளக்கின் நடு முள் நேரா மறையா என்ற படம் இரண்டிலும் ஒத்துப்போக வேண்டும். யமஹா பி-45இன் அடப்டர் 12 வொல்ட், 1.5 அம்பியர். றூட்டருக்குப் போடும் மலிவு அடப்டரைச் செருகிவிட்டு, "ஸ்பீக்கர் இரைகிறது" என்று பியானோவைக் குறை சொல்பவர்கள் அதிகம்.

"முன்பே யாரோ 230இல் செருகிவிட்டார்கள், இப்போது உயிரில்லை" என்று மிக மலிவாக வருவதும் உண்டு. மின்வழங்கி மட்டும் போயிருந்தால் திருத்தலாம். பிரதான பலகையும் போயிருந்தால் அது வெறும் மேசை. திறந்து பார்க்க ஆள் இல்லாமல் காசு கொடுக்க வேண்டாம்.

ஓடுகிற கருவி என்றால் அரை மணித்தியாலம் ஒதுக்குங்கள், ஹெட்போன் ஒன்றும் கொண்டுபோங்கள். இடக்கோடியில் தொடங்கி 88 கட்டையையும் ஒவ்வொன்றாக, முதலில் மிக மெல்லிதாக, பிறகு பலமாக அடியுங்கள். மெல்லிதாக அடித்தும் ஒரு கட்டை மட்டும் திடீரென்று கத்தினால், அல்லது சில தடவை பேசாமல் இருந்தால், தொடுபுள்ளியில் அழுக்கு. அங்கொன்று இங்கொன்றாக இருந்தால் சுத்தம் செய்து சரிப்படுத்தலாம். பக்கத்துப் பக்கத்துக் கட்டைகள் ஒரு கூட்டமாகவோ, ஒரே இடைவெளி விட்டு வரிசையாகவோ செத்திருந்தால் பலகையிலோ நாடா வயரிலோ கோளாறு. விலையைக் குறையுங்கள், அல்லது விட்டுவிடுங்கள்.

பிறகு கண்ணைக் கட்டைகளின் மட்டத்துக்குத் தாழ்த்திப் பக்கவாட்டில் பாருங்கள். ஒன்று மட்டும் பள்ளமாக இருந்தால் அதன் அடியில் ஏதோ உடைந்திருக்கிறது. கறண்டை நிறுத்திவிட்டு எல்லாவற்றையும் அழுத்திப் பாருங்கள். எல்லாம் ஒரேமாதிரி மெத்தென்று விழ வேண்டும். சில கட்டைகள் மட்டும் "டக்" என்று அடித்தால் அடியிலுள்ள கம்பளித் துண்டு தேய்ந்துவிட்டது. பழைய கசியோ பிரிவியாக்களில் இது சாதாரணம். துண்டு மலிவு, முழுக் கட்டையையும் கழற்றிப் பூட்டும் வேலைதான் நீளம். கடைசியாக ஒலியை உச்சத்தில் வைத்துத் தாழ்ந்த சுரங்களை அடியுங்கள். ஸ்பீக்கர் கிழிந்திருந்தால் அங்கே அதிரும். ஹெட்போன் செருகும் துளையில் பிளக்கை மெல்லச் சுழற்றுங்கள். கரகரப்பு வந்தால் துளை துருப்பிடிக்கிறது.

கடற்கரையில் இருந்து நூறு யார்தான் எங்கள் வீடு. சைக்கிள் செயினே ஒரு மாதத்தில் துருப்பிடிக்கிறது. இங்கே பியானோ தாங்குமா?
– வாசகி, திருக்கோவில்

தந்தி உள்ள பியானோவைவிட இது நன்றாகத் தாங்கும். அதில் 200க்கும் அதிகமான உருக்குக் கம்பிகள், ஈரத்தில் ஊதும் மரம், கம்பளி எல்லாம் இருக்கின்றன. சுதி சேர்க்க ஆளும் அடிக்கடி வர வேண்டும். டிஜிட்டலில் உப்புக்காற்று பிடிப்பது மூன்று இடங்களை: வெளியே தெரியும் பிளக் துளைகள், உள்ளே கட்டைகளின் தொடுபுள்ளிகள், திருகாணிகள்.

கச்சான் அடிக்கும் மாதங்களில் தூசு, வாடை காலத்தில் ஈரம். இரண்டுக்கும் சேர்த்துச் செய்ய வேண்டியது, கடலைப் பார்த்த யன்னலுக்கு நேரே வைக்காமல் உள்ளறைச் சுவரோரம், சுவரில் முட்டாமல் ஒரு சாண் தள்ளி வைப்பது. மாரியில் சுவர் வியர்க்கும். மூடுவதற்குப் பருத்தித் துணி போதும். பொலித்தீன் போட்டு மூடினால் ஈரம் உள்ளேயே தங்கி, எறும்பும் பல்லியும் குடிவரும். அம்பாறைப் பக்கம் வயலோரம் இருப்பவர்கள் அறுவடை மெஷின் ஓடும் நாட்களில் துணியை எடுக்கவே வேண்டாம். அந்தத் தூசு கட்டை இடுக்கில் போனால் திறந்துதான் எடுக்க வேண்டும்.

கட்டை தடுமாறத் தொடங்கினால் வீட்டில் இருக்கும் துரு எண்ணெயை விசிற வேண்டாம். றப்பர் ஊதி, பிளாஸ்ரிக் வெடித்து, திருத்தக்கூடிய கோளாறு திருத்தமுடியாததாகும். உத்தரவாதம் முடிந்த கருவி என்றால் இலத்திரனியல் வேலை தெரிந்தவர் திறந்து, கட்டைகளுக்குக் கீழுள்ள றப்பர்ப் பட்டிகளை வரிசை மாறாமல் கழற்றி, பலகையை 99 வீத ஐசோபுரோப்பைல் அல்கஹோலில் நனைத்த பஞ்சுக் குச்சியால் துடைக்க வேண்டும். றப்பரில் உள்ள கறுப்புப் பொட்டுகளை அழுத்தித் தேய்க்கக் கூடாது, மின்சாரத்தைக் கடத்துவது அந்தக் கறுப்புத்தான். முழுதும் காய்ந்த பிறகே பூட்ட வேண்டும்.

துருவைவிட இடி பொல்லாதது. சித்திரையிலும், ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேர இடிமழைக்கு முன்னர் சுவிட்சை அணைப்பது போதாது, பிளக்கையே கழற்றுங்கள். கணினியோடு இணைத்த வயர் இருந்தால் அதையும் கழற்றுங்கள். இடி அந்த வழியாகவும் வரும்.

கம்பனி ஸ்டாண்ட் விலை அதிகம். தச்சரிடம் மரத்தில் செய்விக்கலாமா? அளவு என்ன?
– வாசகர், சம்மாந்துறை

செய்விக்கலாம். கடையில் விற்கும் கத்தரிக்கோல் வடிவ இரும்பு ஸ்டாண்டைவிட நல்ல மரச் சட்டம் மேல். அந்த ஸ்டாண்ட் பலத்து வாசித்தால் ஆடும், முழங்காலிலும் இடிக்கும்.

நிலத்திலிருந்து வெள்ளைக் கட்டையின் மேல்மட்டம் ஏறத்தாழ 72 செ.மீ. வர வேண்டும். பியானோவைத் தரையில் வைத்து, தரையிலிருந்து வெள்ளைக் கட்டை மேல்மட்டம்வரை அளந்து, அதை 72இல் கழியுங்கள். மிஞ்சுவதுதான் சட்டத்தின் உயரம். நீளம் கருவிக்குக் கருவி மாறும். எஃப்பி-10 128.4 செ.மீ., பி-45 132.6 செ.மீ. ஆகவே கருவி வீட்டுக்கு வந்த பிறகே தச்சரைக் கூப்பிடுங்கள். மேலே முழுப் பலகை போட வேண்டாம். இந்த வகைக் கருவிகள் பலவற்றில் ஸ்பீக்கர் அடியில்தான் இருக்கிறது, பலகை அடைத்தால் ஒலி அமுங்கும். முன்னுக்கும் பின்னுக்கும் இரண்டு சட்டம், கருவியின் றப்பர்க் கால்கள் அதில் உட்கார வேண்டும். பின்பக்கம் குறுக்கே ஒரு மரம் அடித்தால் ஆட்டம் நிற்கும்.

உட்காருவதற்குச் சாப்பாட்டுக் கதிரை சரிவராது. முழங்கை கட்டை மட்டத்தில் வர வேண்டும், ஆகவே உயரம் மாற்றக்கூடிய ஸ்டூல் எடுங்கள். சின்னப் பிள்ளைக்குக் கால் தொங்கினால் கீழே ஒரு பலகைக்கட்டை வையுங்கள்.

பாடசாலையில் கர்நாடக சங்கீதம் எடுக்கிறேன். என் சுதி ஐந்தரைக் கட்டை. பியானோ வாங்கினால் அதிலும் சாதகம் செய்யலாமா?
– மாணவி, மட்டக்களப்பு

சரளி, ஜண்டை, அலங்காரம் ஆகியவற்றைச் சுரம் பிடித்துப் பார்க்கலாம். கமகம் வராது. கட்டை அடித்த சுரத்தை அசைக்க முடியாது, கீபோட்டில் இருக்கும் பிட்ச் வீலும் இந்தப் பியானோக்களில் கிடையாது. கர்நாடகம் மட்டும்தான் உங்கள் நோக்கம் என்றால் இந்தக் காசைச் செலவழிக்க வேண்டாம், சுதிப்பெட்டி போதும். மேலைத்தேய சங்கீதமும் பழகுகிறீர்கள் என்றால் ஒரு வழி இருக்கிறது. சுதிக் கணக்கில் ஒரு கட்டை என்பது சி. அப்படி எண்ணினால் ஐந்தரை ஜி ஷார்ப். சியையே ஸட்ஜமாக வைத்து வாசிக்க விரும்பினால் கருவி முழுவதன் சுதியையும் ஏற்றி இறக்கும் டிரான்ஸ்போஸை கழித்தல் 4இல் வையுங்கள், ஒரு ஸ்தாயி கீழே ஜி ஷார்ப் கிடைக்கும். பிறகு அதைத் திருப்பிப் பூச்சியத்தில் வைக்க மறந்தால், அடுத்த நாள் மேலைத்தேய வகுப்புப் பாடம் எல்லாம் சுதி மாறிக் கேட்கும்.

பெடலை மிதித்தால் ஒலி அறுகிறது, காலை எடுத்தால் நீள்கிறது. பழுதா?
– வாசகர், களுவாஞ்சிகுடி

பழுதில்லை, பெடலின் முனைவு மாறியிருக்கிறது, அதாவது மிதிப்பதையும் விடுவதையும் கருவி தலைகீழாக எடுத்துக்கொள்கிறது. கருவியை அணைத்து, பெடலைச் செருகி, கால் படாமல் மீண்டும் போடுங்கள். பல மாடல்கள் போடும்போதே பெடல் எந்த வகை என்று பார்த்துக்கொள்ளும். அப்படியும் மாறாவிட்டால் பெடலின் அடியில் சிறு சுவிட்ச் இருக்கிறதா என்று பாருங்கள், மறுபக்கம் தள்ளினால் சரி. சுவிட்சும் இல்லையென்றால் அந்தக் கம்பனிக்கு உரிய பெடலைத்தான் வாங்க வேண்டும். பெட்டியோடு வரும் சிறு சதுரப் பெடல் சீமெந்துத் தரையில் வழுக்கி ஓடும், அதன் கீழ் பழைய சைக்கிள் டியூப்பில் ஒரு துண்டு வெட்டி ஒட்டுங்கள்.